ஸ்டார், புது டிரஸ், தலை கிறிஸ்துமஸ்... பண்டிகைக் கடன் எப்போ முடியும்? ஒரு கிராமத்து வீட்டின் கணக்கு!

கிறிஸ்துமஸ் ஒரே நாள். டிசம்பர் 25 ராத்திரியோடு முடிந்துவிடும். அதற்காக வாங்கிய கடன் எப்போது முடியும் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வராது.

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஜவுளி எடுக்க ஒன்று சங்கரன்கோவிலுக்குப் போகணும், இல்லை ராஜபாளையத்துக்குப் போகணும். வட்டாரம் முழுக்க விவசாயக் கூலி, விசைத்தறி, தீப்பெட்டி வேலை என்று வாரக் கூலியில் ஓடும் குடும்பங்கள் அதிகம். மாதச் சம்பளக்காரருக்கு டிசம்பர் 25 என்பது மாதக் கடைசி. வாரக் கூலிக்காரருக்கு லீவு விட்டால் கூலி இல்லாத வாரம். ரெண்டு பேருக்கும் கையில் காசு இல்லாத நேரத்தில்தான் பண்டிகை வருகிறது.

இந்தச் செலவு எங்கிருந்து கிளம்புகிறது, எந்த இடத்தில் கடனாக மாறுகிறது, அங்கே என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா விசைத்தறியில், அம்மா தீப்பெட்டி வேலையில். பள்ளிக்கூடம் போகும் ரெண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. ரெண்டு பேர் வருமானமும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் என்று வைப்போம்.

ஐந்து பேருக்குத் துணி 7,500. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கேக் எல்லாம் சேர்த்து 2,500. அன்றைக்குக் கறிச் சாப்பாடு, விருந்தாளிகள் என்று 3,000. சபைக்குக் காணிக்கை, கேரல் வருகிறவர்களுக்குக் கவர் 1,500. ஸ்டார், சீரியல் பல்பு, குடில் சாமான் 800. மாமியார் வீட்டுக்குப் போய்வர 1,700. அடுத்த வாரமே புத்தாண்டு ஆராதனை. அதற்கு ஒரு கேக், பிள்ளைகளுக்கு இன்னொரு டிரஸ் என்று 2,000.

மொத்தம் 19,000 ரூபாய். ஒரு மாத வருமானத்தில் மூவாயிரம்தான் மிச்சம். இதில் ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கணும். தங்கம் இல்லை, டூர் இல்லை, புது செல்போன் இல்லை.

இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவது ரெண்டு. ஒன்று, கேரல். சபை ரவுண்ட்ஸ், வாலிபர் சங்கம், ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம் என்று தனித்தனியாக வந்தால் கவரும் தனித்தனி, டீயும் தனித்தனி. வீட்டு வாசலில் பாடுகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? இன்னொன்று, துணி. இப்போது 'ஃபேமிலி காம்போ' வந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே கலர். அம்மாவுக்கு இருக்கிற நல்ல சேலை போதும் என்று முன்பு விட்டுவிடுவார்கள். இப்போது போட்டோவுக்காக அதையும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டேட்டஸில் அந்தப் போட்டோ இருப்பது 24 மணி நேரம்!

போனஸ் எங்கே போச்சு?

இந்த வட்டாரத்தில் போனஸ் என்றால் தீபாவளி போனஸ். கிறிஸ்தவத் தொழிலாளிக்கும் அப்போதுதான் கைக்கு வரும். சட்டப்படி கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் போனஸ் கொடுக்கணும். மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பர் கடைசிக்குள். சட்டம் பொருந்துகிற நிறுவனத்தில் ஓர் ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு. குறைந்தபட்சம் 8.33 சதவீதம்.

ஆனால் பணம் கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காது. ஏற்கெனவே இருக்கும் கடன், அடகு நகையின் வட்டி, ஊரே கொண்டாடும்போது நம்ம பிள்ளைகள் மட்டும் வெறுமனே நிற்கக் கூடாது என்று வாங்கும் பட்டாசு என்று பெரும்பகுதி கரைந்துவிடும். போனஸ் வந்த அன்றே ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கிய வீட்டுக்கு மட்டும்தான் டிசம்பரில் அது மிஞ்சும்.

அரசு ஊழியர் இருக்கும் வீட்டில் கதை வேறு. பண்டிகை முன்பணத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ல் 10,000-லிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தியது. வட்டி கிடையாது, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். தறிக்காரருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

'பொங்கலுக்கு கவர்மென்ட் பணம் வரும், அடைச்சிரலாம்' என்று நினைத்துக் கடன் வாங்குவதும் ஆபத்து. பொங்கல் பரிசில் ரொக்கம் எல்லா வருஷமும் வருவதில்லை. 2024-ல் 1,000 ரூபாய் வந்தது. 2025 பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, கரும்பு மட்டும்தான்.

தலை கிறிஸ்துமஸ் என்றால் கணக்கே வேற

மேலே சொன்ன 19,000 சாதாரண வருஷத்துக்கு. மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம் என்றால் 'தலை கிறிஸ்துமஸ்'. மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்கணும், ரெண்டு பேருக்கும் துணி எடுக்கணும், சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகணும். பல வீடுகளில் மாப்பிள்ளைக்கு மோதிரமோ செயினோ. கல்யாணக் கடனே அடையாத நேரத்தில் அரைப் பவுன் என்றால்கூட மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

இதில் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதே இல்லை. 'அவங்க எதிர்பார்ப்பாங்க' என்று பெண் வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வதில்தான் கடன் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், 'நாங்க எதுவும் சொல்லலியே' என்பார்கள். ரெண்டுமே உண்மையாக இருக்கலாம். இந்த இடத்தில் உதவக்கூடியவர் மகள்தான். 'அப்பாவுக்கு இந்த வருஷம் முடியாது, டிரஸ் மட்டும் போதும்' என்று நவம்பரிலேயே அவள் கணவரிடம் சொல்லிவிட்டால், டிசம்பர் 24 ராத்திரி ரெண்டு வீட்டுக்கும் முகம் சுளிக்க வேலை இல்லை. அதைச் சொல்லவே அவளுக்கு வீட்டில் இடம் இல்லை என்றால் அது பண்டிகைப் பிரச்னை இல்லை, வேற பிரச்னை. பெண்களுக்கான உதவி எண் 181.

பத்து வட்டியும் தண்டலும்: எது குறைச்சல்?

டிசம்பர் மூணாவது வாரத்தில் அவசரமாகப் பணம் வேணும் என்றால் கேட்கிற ஆள் யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜாமீன் கேட்க மாட்டார், பேப்பர் கேட்க மாட்டார். பத்து நிமிஷத்தில் கையில் பணம்.

'பத்து வட்டி' என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். ஆண்டுக்கு 120 சதவீதம். 20,000 வாங்கினால் நாலு மாதத்தில் வட்டி மட்டும் 8,000. அசல் அப்படியே நிற்கும்.

தண்டல் கேட்கச் சின்னதாகத் தெரியும். உதாரணத்துக்கு, 10,000 ரூபாய் கடன். 1,500 முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். '1,500 தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் தினம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், உண்மையான வட்டியைக் கணக்குப் போட்டால் இதுவும் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம்தான் வருகிறது. பத்து வட்டிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை. அதோடு டிசம்பர் 20-ல் வாங்கினால் தண்டல் ஓடுவது மார்ச் கடைசி வரை. நடுவில் பொங்கல் வேற வரும்.

அதே 20,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நகை அடகு வைத்து எடுத்தால் நாலு மாத வட்டி 800 ரூபாய். 8,000 எங்கே, 800 எங்கே! அரைப் பவுன் கம்மல் பீரோவில் இருக்கும்போது 'நகையை வைக்கிறது கௌரவக் குறைச்சல்' என்று கந்துவட்டிக்குப் போகிற வீடுகள் உண்டு. கூட்டுறவுச் சங்கம், வங்கி இரண்டிலும் அன்றைய வட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, எந்த மாதம் மீட்பது என்பதையும் அன்றே முடிவு செய்துகொண்டு வைத்தால், கடன்களில் குறைந்த காயம் இதுதான்.

கந்துவட்டி இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடையநல்லூர் அருகே காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கந்துவட்டிப் புகாரோடு அந்த வளாகத்துக்கு வந்தது. கணவன், மனைவி, ரெண்டு பெண் குழந்தைகள் என நாலு பேரும் உயிரிழந்தார்கள். காசிதர்மம் இப்போது இதே தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

2003-ம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூணு ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வசூலிப்பதற்காகக் குடும்பத்தை மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளைப் பறிப்பது போன்றவற்றைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கணும். அங்கே நகரவில்லை என்றால் சங்கரன்கோவில் டி.எஸ்.பி. அலுவலகம், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம். எழுதாத வெள்ளைத்தாளிலோ வெற்று செக்கிலோ கையெழுத்துப் போடாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்தின வேலை.

குழுக் கடனும் ஆப் கடனும்

ஜாமீன் இல்லாமல் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கானது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம்ம மாதிரிக் குடும்பத்துக்கு அந்தக் கோடு 11,000. மூணு குழுவில் இருக்கிறவர்கள் இதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. பண்டிகை அன்று வாசலில் வந்து நின்று சத்தம் போட யாருக்கும் உரிமை இல்லை. கேட்கவில்லை என்றால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கணும். அதன்பிறகும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் எண் 14448.

செல்போன் ஆப்பில் கடன் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள். 'கே.எஃப்.எஸ்.' எனப்படும் முக்கிய விவர அறிக்கை. எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கணும், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்கணும். அந்தத் தாளே தராத ஆப் என்றால் அப்படியே டெலிட் செய்துவிடுவது நல்லது.

திருநெல்வேலிக்காரர்கள் கண்டுபிடித்த வழி

செலவைக் குறைக்க யாரும் லண்டனிலிருந்து வந்து யோசனை சொல்லத் தேவையில்லை. திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளில் தலைமுறை தலைமுறையாக 'அசனம்' என்று ஒன்று இருக்கிறது. முடிந்தவர் அரிசி கொடுப்பார், முடிந்தவர் ஆடு கொடுப்பார், மற்றவர் பணமோ உழைப்போ. ஆலய வளாகத்திலேயே அடுப்பு மூட்டி, சோறும் கறிக்குழம்பும் சமைத்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது இலையில் தெரியாது. பெரும்பாலும் பிரதிஷ்டைப் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகையை ஒட்டி நடப்பது இது.

இதையே கிறிஸ்துமஸ் மத்தியானத்துக்குச் சின்ன அளவில் செய்யலாம். அண்ணன் தம்பி வீடுகள் நாலு சேர்ந்தால் கறி ஒரே இடத்தில், அரிசி ஒரு வீடு, எண்ணெய் ஒரு வீடு. தனித்தனியாகச் சமைத்தால் மீந்துபோவது மிச்சமாகும். முக்கியமாக, காலை நாலு மணி ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியிலேயே பண்டிகையைக் கழிக்கிற அம்மாக்களின் வேலை நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆண்கள் வெங்காயம் உரிக்க வந்தால் இன்னும் குறையும்.

பலகாரத்திலும் இதே வழி. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கும். கிறிஸ்துமஸுக்குத் திருப்பிக் கொடுக்கணும். அந்தத் தட்டை வெட்டச் சொல்லி எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லக் கூடாது, ஊரில் ஒற்றுமை நிற்பதே அதில்தான். ஆனால் தட்டில் ஆறு வகை இருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முறுக்கும் முந்திரிக்கொத்தும் போதும். மூணு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் சுட்டால் மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்கலாம்.

டிரஸ்? பிள்ளைகளுக்கு எடுத்த ஒரு செட்டையே 25-க்கும் ஜனவரி 1-க்கும் போட்டுக்கொள்ளலாம். அதைக் கடைசி நேரத்தில் சொன்னால் அழுகைதான். டிசம்பர் முதல் வாரத்தில், 'இந்த வருஷம் இவ்வளவுதான் இருக்கு, இதுல உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு' என்று தொகையோடு சொல்லிவிட்டால், பத்து வயசுப் பிள்ளை பெரியவர்களைவிட நன்றாகவே கணக்குப் போடும்.

வெளியூர்ப் பிள்ளைகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் நீண்ட லீவு விடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோ. அதற்காகக் கூடுதல் கட்டணத்தில் ஆம்னி பஸ் பிடித்து வந்து, மறுநாளே கிளம்பும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பொங்கல் லீவில் வரும்போது குடும்பச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? சென்னையில் இருக்கிறவர்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 24 டிக்கெட்டுக்கு அக்டோபர் 25 காலையிலேயே உட்காரணும்.

வீட்டுக்குள் நடக்கும் சண்டை

டிசம்பரில் வீட்டில் வரும் சண்டை பாதிக்குப் பாதி பணத்தால்தான். ஆனால் அது பணச் சண்டை மாதிரி இருக்காது. 'உங்க அம்மாவுக்கு மட்டும் பட்டு' என்று ஆரம்பிக்கும். 'போன வருஷமும் உங்க வீட்டுலதான் இருந்தோம்' என்று வளரும். ஒரு வருஷம் இந்த வீடு, மறு வருஷம் அந்த வீடு என்று முறை வைத்துக்கொண்டவர்களுக்குப் பாதிச் சண்டை மிச்சம்.

குடியும் ஒரு செலவுதான், அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. காந்தி ஜெயந்தி, மே தினம் மாதிரி டாஸ்மாக் மூடும் நாட்களின் பட்டியலில் டிசம்பர் 25 இல்லை. ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே ஆள் காணாமல் போகிற வீடுகளில், துணிக்கு ஒதுக்குவது மாதிரியே பணத்தை முன்கூட்டியே பொருளாக மாற்றிவிடுகிறார்கள் பெண்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் அந்த நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது லேசான விஷயம் இல்லை.

வீட்டில் ஒருவர் இறந்த வருஷம் என்றால் பல குடும்பங்களில் ஸ்டார் போடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆராதனை முடிந்து யாராவது போய், ஒரு தூக்குவாளிச் சாப்பாட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். ஆறுதல் வசனம் எல்லாம் அப்புறம்.

கடன் தொல்லையில் தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும் 14416-க்கு உடனே பேசலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். பெயர் சொல்லித்தான் ஆகணும் என்றில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சீட்டுப் போடலாமா?

போடலாம். யாரிடம் என்பதுதான் கேள்வி. பலகாரச் சீட்டு, பண்டிகைச் சீட்டு என்று மாதாமாதம் கட்டி, கடைசியில் மளிகை, பாத்திரம், துணி என்று வாங்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கட்டின பணத்துக்கும் கையில் வரும் பொருளுக்கும் கடை விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கணும். எண்ணெய் எத்தனை லிட்டர், என்ன கம்பெனி என்பது சேரும்போதே அட்டையில் இருக்கணும். நடத்துகிறவர் ஓடிவிட்டால் புகார் கொடுக்க அந்த அட்டையும் ரசீதும்தான் கையில் இருக்கும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரிட்டனில் 'ஃபேர்பேக்' என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் இருந்தது. வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுகக் கட்டினால் டிசம்பரில் உணவுக் கூடையும் வவுச்சரும் தருவார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பங்கள். 2006 அக்டோபரில், பண்டிகைக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது நிறுவனம் மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் போனது. வங்கியில் போட்ட பணம் மாதிரி அதற்குப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. இத்தனைக்கும் அது பதிவு பெற்ற கம்பெனி.

ஆகவே சீட்டு போட்டே ஆகணும் என்றால் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று பார்த்துப் போடணும். அதைவிட எளிது, வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ ஆர்.டி. தபால் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஆனால் அது 5 ஆண்டுத் திட்டம். பண்டிகைக்கு வங்கி ஆர்.டி. தான் சரி. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் வீட்டில் அதோடு 600 சேர்த்து மாதம் 1,600 போட்டால், 12 மாதத்தில் 19,200. மேலே பார்த்த 19,000 முழுசாக வந்துவிடுகிறது, வட்டி தனி.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. 'புது வருஷத்துல ஆரம்பிப்போம்' என்று ஜனவரியில் 12 மாத ஆர்.டி. போட்டால் பணம் கைக்கு வருவது அடுத்த ஜனவரியில். கிறிஸ்துமஸ் போயே போயிருக்கும்! சில வங்கிகளில் 12 மாதத்துக்குக் குறைந்து ஆர்.டி. கிடையாது. அப்படியானால் இந்த டிசம்பர் முதல் வாரத்திலேயே கணக்குத் தொடங்கணும். 10, 11 மாதத் தவணை தரும் வங்கி என்றால் ஜனவரி வரை பொறுக்கலாம்.